கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே

காரிமங்கலத்தில் காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட வேன்கள் கிளம்பிவிடும். நெடுஞ்சாலையை ஒட்டிய நிறுத்தங்களிலும் சுற்றியுள்ள கிராமங்களின் முக்கூட்டுகளிலும் டை கட்டிய பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். வேன் ஏற்றிவிட வந்திருக்கும் அம்மாக்களில் பலர் தமிழ்வழியில் எட்டாவதோ பத்தாவதோ படித்தவர்கள். அப்பாக்கள் லாரியில், மாங்காய் மண்டியில், தக்காளி லோடில், பெங்களூர் கட்டட வேலையில் இருப்பார்கள். பிள்ளையின் புத்தகப் பையில் தமிழ்ப் பாடத்தைத் தவிர எல்லாமே ஆங்கிலம். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் அதற்கான கட்டணம் மட்டும் வருமானத்தில் முதல் செலவாகப் போய்க்கொண்டிருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பெங்களூர் போய்விடலாம். அங்கே செக்யூரிட்டி வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் சனங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த வித்தியாசத்தின் பெயர் இங்கிலீஷ் என்று அவர்கள் முடிவு செய்ததில் பாதி உண்மை இருக்கிறது. நானும் அந்தச் சாலை வழியாகப் போனவன்தான். அதனால் ஆங்கிலவழிக் கல்வி சரியா தவறா என்ற பழைய பட்டிமன்றத்துக்குள் நான் போகப்போவதில்லை. பிள்ளையைச் சேர்த்தாகிவிட்டது. பெற்றவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இனி அவர்கள் என்ன செய்ய முடியும்? என் அக்கா கேட்ட கேள்வி அதுதான். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வியும் அதுதான்.

அக்கா பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். மாமா டாட்டா ஏஸ் ஓட்டுகிறார். பாப்பா ஆறாம் வகுப்பு. போன வருடம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து வந்ததும் அக்கா எனக்கு போன் செய்தாள்.

"தம்பி, வூட்ல இங்கிலீஷ்லயே பேசணுமாம். இல்லன்னா பாப்பா பின்தங்கிடுவாளாம். எல்லா பேரன்ட்ஸையும் நிக்க வச்சு சொன்னாங்க. எனக்கு என்னடா தெரியும், கம், கோ, ஈட், ஸ்லீப்..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த இரண்டு மாதம் அவள் அதைச் செய்துபார்த்தாள். 'கம்', 'ஈட்', 'ரீட்', 'டோன்ட் ப்ளே'. தெரிந்த ஆங்கிலம் அத்தனையும் ஏவல். அக்கா அடிப்படையில் வாயாடி. சந்தைக்குப் போய்வந்தால் அதை ஒரு மணி நேரக் கதையாகச் சொல்வாள். யார் யாரிடம் விலை பேசித் தோற்றார்கள், எந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, எல்லாம் வரும். பாப்பா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டபடி இருப்பாள். நவ்வாப்பழம் தின்றால் நாக்கு ஏன் ஊதாவாகிறது? பெரும்பாறைகளை மலைமேல் யார் ஏற்றிவைத்தார்கள்? அந்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் கதையும் இல்லை, கேள்வியும் இல்லை. ஏவல் மட்டும் இருந்தது. நான் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கவனித்தேன். பாப்பா அம்மாவிடம் பேசுவது குறைந்து, போனிடம் பேசுவது கூடியிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. டைரியில் ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் குறிப்புகளை வாசித்து அம்மாவுக்குச் சொல்வது பாப்பாவின் வேலை. கணக்கில் கவனம் இல்லை, பெற்றோர் வந்து பார்க்கவும் என்று ஒருநாள் எழுதியிருந்தது. "நாளைக்கு கணக்கு டெஸ்ட்டாம்மா" என்று பாப்பா மொழிபெயர்த்தாள். அக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். பள்ளியிலிருந்து போன் வந்தபிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அக்கா அழுதது மதிப்பெண்ணுக்காக இல்லை. "என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கையெழுத்து போட்டிருக்கேண்டா. வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வச்ச மாதிரி" என்றாள். எங்கள் பாட்டி காலத்தில் கந்து வட்டிக்காரர்களிடம் அப்படிக் கைநாட்டு வைத்த கதைகள் எங்கள் குடும்பத்தில் உண்டு.

வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போது இதே காட்சி வரும். மெக்சிகோவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ அமெரிக்கா போன குடும்பத்தில், பத்து வயதுப் பிள்ளை மருத்துவமனையிலும் வங்கியிலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்துச் சொல்லும். ஆய்வாளர்கள் இதை மொழித் தரகு என்கிற பொருளில் ஒரு சொல்லால் குறிக்கிறார்கள். பிள்ளைக்குச் சாமர்த்தியம் கூடும். கூடவே வீட்டில் யார் பெரியவர் என்ற கணக்கும் தலைகீழாகும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காரிமங்கலம்தான் நினைவுக்கு வருகிறது. மலைமேல் அருணேஸ்வரர் கோயில், கீழே சந்தை, அப்பன் பாட்டன் பிறந்த தெரு. இங்கிருந்து ஒரு அடி நகராமலே நாங்கள் குடியேறிகள் ஆகிவிட்டோம். பள்ளி வாசல்தான் எங்களுக்கு எல்லைக்கோடு.

நிஜமாகவே எல்லை தாண்டிப் போனவர்களுக்கு என்ன சொல்கிறார்கள்? என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கலிபோர்னியாவுக்குப் போனார். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்து, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். தமிழ் என்று எழுத அவருக்குத் தயக்கம். ஆசிரியையோ, "வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், தமிழிலேயே கதை சொல்லுங்கள், ஆங்கிலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாராம். ஆங்கிலமே ஆளும் நாட்டில் தமிழில் பேசச் சொல்கிறார்கள். தமிழ் பேசும் ஊரில் ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறார்கள். நண்பர் இதைச் சொன்னபோது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

அந்த ஆசிரியையின் நல்ல மனது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்பில் உட்காரவைக்கப்பட்டார்கள். அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டோம், அதனால் சமமாக நடத்திவிட்டோம் என்று சொல்ல முடியாது; மொழி புரியாத பிள்ளைக்கு அது கல்வியே இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்று பெயர். மொழி புரியாதது பிள்ளையின் குறையில்லை, பள்ளி தீர்க்க வேண்டிய பிரச்சினை என்று பொறுப்பு அங்கே இடம் மாறியது. எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பு பத்திரமாக அக்காவின் அடுப்படிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டுமொழியில் பேசச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் எழுபதுகளின் கடைசியில் இருந்து இதை எழுதிவருகிறார். குடியேறிய பிள்ளை விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேச சுமார் இரண்டு வருடம் போதும். பாடப்புத்தகத்தின் மொழியைச் சக மாணவர்கள் அளவுக்குக் கையாள ஐந்து முதல் ஏழு வருடமாவது ஆகும். இரண்டும் வேறு வேறு திறன்கள். அந்த இரண்டாவது திறன், அதாவது காரணம் சொல்வது, ஒப்பிடுவது, வகைப்படுத்துவது, கேள்வி கேட்பது, எந்த மொழியில் வளர்ந்தாலும் இன்னொரு மொழிக்குக் கைமாறும் என்பது அவர் வாதம். நான் மென்பொருள்காரன், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொள்கிறேன். ஒரு செயலியின் திரையில் தெரியும் எழுத்துகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஓடும் தர்க்கம் ஒன்றுதான். உள்ளே தர்க்கமே எழுதப்படாமல் திரையை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றினால் பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

கம்மின்ஸ் சொன்னது ஆங்கிலம் தெருவெல்லாம் கிடைக்கும் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி. எங்கள் பிள்ளைகளுக்கு மைதானத்து ஆங்கிலம்கூடக் கிடையாது. விளையாடுவதும் சண்டை போடுவதும் தமிழில்தான். நேராகப் புத்தக ஆங்கிலத்தில் கொண்டுபோய் இறக்குகிறோம். அப்படியென்றால் வீட்டுமொழியின் வேலை இங்கே இன்னும் அதிகம்தானே.

இது எங்கள் மாவட்டத்துக்குப் புதிய விஷயமும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். என்னுடன் படித்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். "உங்க வூட்ல தெலுங்கு பேசாதீங்க, தமிழ் கெட்டுடும்" என்று எந்த வாத்தியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் தமிழில் முதல் மதிப்பெண்கூட வாங்கினார்கள். ஆங்கிலம் என்று வந்ததும்தான் நமக்கு இந்தப் பயம் வந்துவிடுகிறது.

என் அம்மா ஐந்தாவது வரை படித்தவர். என்னை மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்கள். அப்போது மெட்ரிக்குக்குத் தனிப் பாடத்திட்டம், தனிப் புத்தகம். அம்மாவுக்கு அதில் ஒரு வரி புரியாது. எங்கள் பக்கம் புளி சீசனில் பெண்கள் வீட்டிலேயே கூலிக்குப் புளி தட்டுவார்கள். ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டிப் பிரிப்பது. அம்மா தட்டிக்கொண்டே, "இன்னிக்கு என்ன பாடம் நடத்துனாங்க, சொல்லு" என்பார். நான் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிப்பேன். "செரி, இப்ப தமிழ்ல சொல்லு."

அங்கேதான் வண்டி நிற்கும். மூடி, முட்டி, நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். அம்மா "அப்புறம்?" என்பார். "அது ஏன் அப்படி ஆவுது?" என்பார். ஒருநாள் எரிச்சலில், "உனக்குத்தான் புரியாதே, எதுக்கும்மா கேக்கற?" என்றேன். அம்மா சுத்தியலை நிறுத்தாமல் சொன்னார்: "பாடம் புரியாது. நீ சொல்றது புரியும்ல? நீ நிக்காம சொன்னா மனப்பாடம். தடுமாறிச் சொன்னா யோசிக்கற. எனக்கு அது போதும்."

தேர்வு நடத்துவதைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்றைக்கு நான் ஜூனியர்களை நேர்முகத் தேர்வு செய்யும்போதும் இதைத்தான் பார்க்கிறேன். நிற்காமல் வரும் பதிலைவிடத் தடுமாறி வரும் பதிலில் சரக்கு இருக்கும்.

அம்மா காலத்தில் இல்லாத ஒரு வசதி அக்காவுக்கு இருக்கிறது. அது கண்ணுக்கு எதிரே இருந்தும் பலர் கவனிக்காதது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம் ஆனது. 2018இலிருந்து வந்த புதிய புத்தகங்களில் க்யூஆர் குறியீடுகூட இருக்கிறது. இதன் அர்த்தம் என்ன? மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளையின் அறிவியல் புத்தகம், அதே பாட வரிசையில், அதே படங்களோடு, தமிழில் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகம் இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் பழைய புத்தகமாகவும் கிடைக்கும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். பாடம் தெரியக்கூடாது என்று விதி இல்லை.

அந்தத் தீபாவளி விடுமுறையில் அக்காவின் போனில் ஆறாம் வகுப்புத் தமிழ்வழி அறிவியல் புத்தகத்தை இறக்கிக் கொடுத்தேன். அவள் முதலில் திறந்தது 'நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள்' என்ற பாடம். கலவைகளைப் பிரிக்கும் முறைகள் அதில் வரும். பாப்பா அதை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தாள். வின்னோயிங், சீவிங், சர்னிங், டிகேன்டேஷன் என்று வரையறையோடு ஒப்பித்தாள். தமிழ்ப் புத்தகத்தில் அவை தூற்றுதல், சலித்தல், கடைதல், தெளிய வைத்து இறுத்தல் என்று இருந்தன. அக்கா வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தான் பாடமாடி? இத நான் தினமும் செஞ்சுக்கிட்டுதான இருக்கேன்!"

அன்று சாயங்காலம் அடுப்படி ஆய்வகமானது. கேழ்வரகு மாவு சலித்தாள். அரிசி கழுவி, அடியில் அரிசி நிற்க மேல் தண்ணீரை மெல்லச் சாய்த்து இறுத்தாள். "இது எது?" பாப்பா ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு, "ஏம்மா... இதான் டிகேன்டேஷனா?" என்றாள். முறத்தை எடுத்து வாசலுக்குப் போனார்கள். காத்து இல்லாவிட்டால் தூற்ற முடியுமா, கல்லும் கேழ்வரகும் ஒரே எடை இருந்தால் தூற்றிப் பிரிக்க முடியுமா என்று அக்கா கேட்டாள். புத்தகத்தில் இல்லாத கேள்வி அது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடமாக எழுதியிருந்த பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. முறத்தைக் கையில் வாங்கித் தானே தூற்றிப்பார்த்தாள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் நீளமான பேச்சு அது.

கணக்கில் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. பாப்பாவுக்குக் கூட்டல் கழித்தல் நன்றாக வரும். வார்த்தைக் கணக்குதான் தகராறு. ஒருவரிடம் இவ்வளவு, இன்னொருவரிடம் அவ்வளவு, 'ஹவ் மெனி மோர்' என்று கேட்டால், 'மோர்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடுவாள். 'லெஃப்ட்' என்றால் மீதி என்று தெரியாமல் இடப்பக்கம் என்று நினைத்திருந்தாள். கணக்கில் கவனம் இல்லை என்று டைரியில் எழுதப்பட்டது இதைத்தான். கவனம் இருந்தது, ஆங்கிலம்தான் இல்லை. அக்காவுக்கு ஒரே ஒரு வேலை சொன்னேன். கணக்கைப் போடுவதற்கு முன், "என்ன கேக்கறாங்க? தமிழ்ல சொல்லு" என்று கேள். சொல்லமுடியாத சொல்லின் கீழே கோடு போடச் சொல். அந்தக் கோடுகளை மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல். இதற்கு அக்காவுக்கு ஆங்கிலமும் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை.

இதையெல்லாம் பெற்றோர் செய்துவிட்டால் பள்ளிக்கு வேலை இல்லை என்று ஆகிவிடக்கூடாது. எனக்கு அதில் பயம் உண்டு. மாலை ஆறு மணிக்குக் களத்துமேட்டிலிருந்து திரும்பும் அம்மாவுக்கு உட்கார நேரமிருக்காது. எழுதப் படிக்கவே தெரியாத பெற்றோரும் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நடைமுறையில் இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைத்து, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை இருபது பேர் கொண்டதாகத் திருத்தி அமைத்தார்கள். 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டதால், இந்தக் கேள்வி தனியார் பள்ளியோடு நிற்பதுமில்லை. அந்தக் குழுக் கூட்டங்களில் கட்டடம், கழிவறை, தண்ணீர் பற்றிப் பேசுகிறார்கள், பேசவேண்டியதுதான். கூடவே, ஆங்கிலவழிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வரும் தகவல் தமிழில் வருகிறதா என்றும் ஒருவர் கேட்கலாம். சல்லிக்காசு செலவில்லாத கோரிக்கை.

தனியார் பள்ளியில் அப்படிக் குழு கிடையாது. அக்கா தனியாகத்தான் கேட்டாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியையிடம் போய், "மிஸ், டைரில எழுதறத தமிழ்ல எழுத முடியுமா? எனக்குத் தமிழ் நல்லா படிக்க வரும்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். ஆசிரியை சின்ன வயதுப் பெண். பக்கத்துக் கிராமம்தான், அவரும் தமிழ்வழியில் படித்து வந்தவர். டைரியில் ஆங்கிலம்தான் எழுத வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு, அதை மீற முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வாட்ஸப்ல வாய்ஸ் அனுப்பறேன்க்கா. எனக்கும் அதான் சுலபம்" என்றாராம். நாற்பது டைரியில் ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுதுவது அவருக்கும் தினம் ஒரு பரீட்சையாக இருந்திருக்கிறது. பெற்றவர், ஆசிரியர், பிள்ளை என மூன்று பேரும் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் பயந்து, ஒருவருக்கொருவர் தெரியாதபடி நடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நடிப்பை நிறுத்தியதும் இன்னொருவருக்கும் மூச்சு வந்தது.

இப்போது பாப்பா டைரியை மொழிபெயர்ப்பதில்லை. தகவல் அம்மாவுக்கு நேராக வருகிறது. வீட்டில் பெரியவர் யார் என்ற கணக்கு மறுபடி சரியாகிவிட்டது. அதில் பாப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மதிப்பெண் ஏறியதா என்று கேட்பீர்கள். கணக்கில் ஏறியது. அறிவியலில் முதல் தேர்வில் இறங்கியது. சொந்தமாக எழுதப் பார்த்து, ஆங்கில வாக்கியம் உடைந்து, மதிப்பெண் போனது. அக்காவுக்குக் கலக்கம். பழையபடி மனப்பாடமே பண்ணவிடலாமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அம்மா போனை வாங்கி அவளிடம் ஏதோ பேசினார்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். பின்னால் பாப்பா எதையோ சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தாள். செடி, வேர், தண்ணீர் என்று பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் காதில் விழுந்தது. நடுவே நின்றாள். "இரும்மா, இரு, யோசிக்கறேன்" என்றாள்.

அக்கா வாயை போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ரகசியமாகச் சொன்னாள். "கேட்டியாடா? இப்பல்லாம் நல்லா தடுமாறறா."